மூன்று வேதம்: ஒரு கேள்வியும் சில பழைய ஏடுகளும்

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் ஏதேனும் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன் என்பதை அன்பர்கள் அறிவீர்கள். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் கல்வெட்டுகள், பொன்னூர் மலை, நன்னூல் உரைகள் என்று என் எல்லை மிகக் குறுகியது. மஸ்கதி மார்க்கெட்டில் துணிக் கமிஷன் வியாபாரம் பார்க்கிறவன் நான். கல்லூரி வாசலை மிதித்தவனல்லன். கடை அடைத்த பிறகும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் படித்ததுதான் படிப்பு. இவ்வாண்டும் மலர்க் குழுவினர், "நயினார், வழக்கம் போலக் கல்வெட்டு ஒண்ணு குடுத்துடுங்க" என்றார்கள். கல்வெட்டு இதிலும் உண்டு. ஆனால் பொருள் வேறு. பெண்ணை விரும்பும் பெண்களைப் பற்றி எழுதுகிறேன். லெஸ்பியன் என்ற சொல்லைப் பத்திரிகைகளில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தோடு படிக்கும் மலரில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். என் குடும்பத்துக்குள் நடந்ததால்தான் எழுதுகிறேன்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, இதே அகமதாபாத்தில் இருந்தார். அவருடைய மகள் சின்ன வயதிலிருந்தே தலைமுடியைக் கத்தரித்துக் கொண்டு, சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு, அப்பாவின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுற்றுவாள். பொங்கல் விழாவுக்குப் பட்டுப் பாவாடை கட்ட வைப்பதற்குள் வீட்டில் ஒரு யுத்தம் நடந்து முடியும். 2004-இல் அவளுக்கு இருபத்து மூன்று வயது. வந்த வரன்களையெல்லாம் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டால், கூடப் படித்த ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, அவளோடுதான் இருப்பேன் என்றாள். அண்ணன் என்னிடம் வந்தார். "நீ நாலு ஏடு படிச்சவன், நீயே சொல்லுப்பா" என்றார். நான் சொன்னேன்: "கல்யாணம் பண்ணி வெச்சா எல்லாம் சரியாப் போயிடும்ணா. சாஸ்திரமும் அதைத்தான் சொல்லுது."

ஆரணிப் பக்கம் வரன் பார்த்துக் கல்யாணம் நடந்தது. பதினான்கு மாதம். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போய், சீர்ப் பாத்திரங்களைப் பட்டியல் வைத்து எண்ணி வாங்கி வந்தவனும் நான்தான். அவள் வடோதராவில் வேலை தேடிக்கொண்டாள். இப்போது அங்கே ஒரு குஜராத்திப் பெண்ணோடு பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறாள். மூன்றாண்டுகளுக்கு முன் நம் பொங்கல் விழாவுக்கு இருவரும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் மெதுவாகக் கேட்டாள்: "சித்தப்பா, ஞாயித்துக்கெழமை வகுப்புல வேதம் மூணுன்னு சொல்லிக் குடுப்பீங்களே. அதுல என் கணக்கு எங்க வருது?"

வேதம் என்றதும் ரிக், யஜுர் என்று நினைக்க வேண்டாம். சமண நூல்களில் வேதம் என்றால் காம உணர்வு. உயிரைப் பற்றிக் கிடக்கும் கருமங்களில் மோகனீயம் என்று ஒன்று உண்டு. அதன் உட்பிரிவுகளில் சிரிப்பு, பயம், துக்கம், அருவருப்பு இவற்றோடு சேர்த்து மூன்று வேதங்களையும் எண்ணி வைத்திருக்கிறார்கள். ஆணை நாடுவது ஸ்திரீ வேதம், பெண்ணை நாடுவது பும் வேதம், இரண்டையும் நாடுவது நபும்சக வேதம். இது தத்துவார்த்த சூத்திரம் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பாடம்.

அடுத்த படிதான் முக்கியம். உடம்பை ஆணாகவோ பெண்ணாகவோ அமைப்பது நாம கருமம் என்ற இன்னொரு கருமம். இதைத் திரவிய வேதம் என்றும், உணர்வைப் பாவ வேதம் என்றும் பிரித்தார்கள். (பாவம் என்றால் இங்கே மனநிலை. பாவ புண்ணியத்தில் வரும் பாவம் அல்ல.) பத்தாம் நூற்றாண்டில், சிரவணபெளகொளாவில் கோமடேசுவரரை நிறுவிய சாமுண்டராயர் காலத்தில், நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி கோம்மடசாரம் எழுதினார். உடம்பும் உணர்வும் பெரும்பாலும் ஒத்துப் போகும், சில இடத்தில் மாறுபடும் என்று அதிலே பச்சையாகவே சொல்லி விட்டார். தேவர்களிடமும் நரகர்களிடமும் இந்த மாறுபாடு கிடையாது. நம்மைப் போலக் கர்ம பூமியில் பிறந்த மனிதரிடமும் விலங்குகளிடமும் உண்டு என்பது உரை மரபு. உடம்பு மூன்று, உணர்வு மூன்று, பெருக்கினால் ஒன்பது. அந்த ஒன்பதில் ஒன்று, பெண் உடம்பும் பெண்ணை நாடும் உணர்வும். அவள் கேட்ட கணக்கு அங்கே வருகிறது. ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அங்கேயேதான் இருக்கிறது.

எங்கள் வியாபாரத்தில் கட்டின் மேல் ஒட்டிய சீட்டில் ஒன்று, உள்ளே வேறு சரக்கு என்றால் அது மோசடி. கட்டு திரும்பி வரும். நேமிசந்திரர் அப்படிப் பேசவில்லை. மாறுபாடு உண்டு என்று எழுதிக்கொண்டு மேலே போய்விடுகிறார். ஒத்துப் போகிறவனுக்குச் சலுகையும் இல்லை, மாறுபட்டவனுக்குத் தனித் தண்டனையும் இல்லை. மூன்று வேதமும் உயிருக்குக் கட்டுதான். முத்திப் படிகளில் ஒன்பதாவதில் மூன்றையும் உதறத்தான் வேண்டும். பெண்டாட்டியிடம் ஆசை வைத்த என்னுடைய வேதமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது.

இந்த மூன்றுக்கும் மூன்று நெருப்பை உவமை சொல்வார்கள். ஆணின் ஆசை வைக்கோல் நெருப்பு, குப்பென்று பிடித்து அடங்கும். பெண்ணின் ஆசை எருமுட்டை நெருப்பு, உள்ளுக்குள்ளே கனன்றுகொண்டு கிடக்கும். மூன்றாவது செங்கல் சூளை. மூன்றையும் எங்கள் ஊரில் பார்த்து வளர்ந்தவன் நான், உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்தப் பெண்ணையும் கேட்டு இதை எழுதவில்லை. எழுதியவர்கள் அத்தனை பேரும் துறவிகள்.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தார்கள்? கருணையால் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். காரணம் அதுவல்ல, ஒரு பெரிய வழக்கு. பெண் உடம்போடு முத்தி உண்டா இல்லையா என்பதில் சுவேதாம்பரரும் யாபனீயரும் உண்டு என்றார்கள். நாம் தமிழ்ச் சமணர் சார்ந்த திகம்பரர் இல்லை என்றார்கள். பத்தொன்பதாம் தீர்த்தங்கரர் மல்லி பெண் என்பது அவர்கள் நம்பிக்கை, மல்லிநாதர் ஆண் என்பது நம்முடையது. இங்கே அகமதாபாத்தில் பக்கத்துக் கடைக்காரர் சுவேதாம்பரர். நாற்பது வருடமாக இதைப் பற்றி நாங்கள் சண்டை போட்டுக்கொண்டேதான் டீ குடிக்கிறோம்.

திகம்பரருக்கு ஒரு சங்கடம் இருந்தது. மிகப் பழைய ஆகமமான ஷட்கண்டாகமத்திலேயே மானுடப் பெண்ணுக்கு எல்லாக் குணத்தானங்களும் சொல்லப்பட்டிருக்கிறதே, என்ன செய்வது? ஒன்பதாம் நூற்றாண்டில் அதற்குத் தவளா என்ற பேருரை எழுதிய வீரசேனர் வழியில் பதில் வந்தது: அங்கே பெண் என்றது உணர்வால் பெண், உடம்பால் ஆண். இதே நூற்றாண்டில் இராட்டிரகூட அமோகவர்ஷன் காலத்து யாபனீயரான சாகடாயனர், பெண்ணின் முத்திக்காகவே ஒரு நூல் செய்தார். பெண் என்று சொன்னால் எல்லோரும் அறிந்த பெண்தானே, எதற்கு இப்படிச் சுற்றி வளைக்கிறீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 1939 முதல் ஹீராலால் ஜெயின் தவளாவை அச்சிட்டு வந்தபோது ஒரே ஒரு சொல், 'சஞ்சத' என்பது, அந்தச் சூத்திரத்தில் இருக்கிறதா இல்லையா என்று பண்டிதர்களிடையே மறுபடியும் பெரிய சண்டை கிளம்பியது. மூடபித்ரி ஓலைச் சுவடிகள் வரை போய்ப் பார்த்தார்கள். இந்த வழக்கு முழுவதையும் பத்மநாப ஜைனி 1991-இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். இங்குள்ள எல்.டி. இந்தியவியல் நிறுவன நூலகத்தில் உட்கார்ந்து, அகராதி பார்த்துப் பார்த்து அதைப் படித்தேன்.

படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். பெண்ணுக்கு முத்தி இல்லை என்று நிலைநாட்டுவதற்காகவே நம் பக்கத்தார் உடம்பு வேறு உணர்வு வேறு என்பதை இறுகப் பிடித்தார்கள். பெண்ணுக்குக் கதவைச் சாத்தப் போனவர்கள், தங்களை அறியாமலே இன்னொரு உண்மையை எழுதி வைத்துவிட்டார்கள். பெண்ணுக்காக வாதாடிய சாகடாயனரோ அந்தப் பிரிவினையே வேண்டாம் என்றார். வரலாறு எந்தக் கட்சிக்கும் முழுசாகச் சாதகமாக இருப்பதில்லை.

நம் தமிழிலும் இதன் வாடை உண்டு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் சமணர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம், சீயகங்கன் கேட்கச் செய்த நூல். அதில் பேடு என்ற சொல்லுக்குப் பால் வகுக்கும் இடத்தில், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவரைப் பெண்பாலாகவும் சொல்லலாம் என்கிறார். 'அவாவுதல்' என்ற வினையைக் கவனியுங்கள். வினைமுற்றின் விகுதியை உடம்பு தீர்மானிக்கவில்லை, விருப்பம் தீர்மானிக்கிறது. ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதைப் பற்றிய சூத்திரம் அல்ல இது. தன்னை ஆணாக உணர்பவரைப் பற்றியது. இரண்டையும் குழப்பக் கூடாது. நானே பல காலம் குழப்பியவன்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படி ஒன்றைத் தேடத் தொடங்கினால் எல்லா இடத்திலும் அதுவே தெரியும். சங்கப் பாட்டில் தலைவியும் தோழியும் நெருக்கமாயிருக்கிறார்கள், சிந்தாமணியில் குணமாலையும் சுரமஞ்சரியும் உயிர்த் தோழிகள் என்று எல்லோரையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. ஏட்டில் இருப்பதுதான் சாட்சி. காமசூத்திரத்தின் அந்தப்புரப் பகுதியில் அரண்மனைப் பெண்கள் தமக்குள் கூடுவது வெளிப்படையாகவே சொல்லப்படுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டு வங்காளக் கிருத்திவாச இராமாயணத்தின் சில பிரதிகளில், திலீபன் இறந்த பின் அவனுடைய இரு விதவை மனைவியர் சிவன் வரத்தால் கூடிப் பகீரதனைப் பெறுகிறார்கள். கங்கையைக் கொண்டுவந்தவன் பிறப்பே அப்படி என்று ஒரு பக்திக் கவி எழுதியிருக்கிறார். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு லக்னோவில் ரங்கீன், இன்ஷா முதலியோர் ரேக்தி என்று பெண் குரலில் உருதுக் கவிதை செய்தார்கள். அதில் 'துகானா' என்று ஒரு சொல் வரும். ஒரே ஓட்டுக்குள் இரட்டைப் பருப்புள்ள பாதாமைப் பகிர்ந்து தின்று, இணை சேர்ந்த இரு பெண்களுக்கு அது பெயர். ஆண்கள் கூடிச் சிரிப்பதற்காக ஆண்கள் எழுதியதுதான் பெரும்பாலும். ஆனாலும் அந்தச் சொல்லும் அந்தச் சடங்கும் எங்கோ பெண்களிடம் இருந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். பெண்ணே எழுதியது என்றால் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்', 1942. ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். ஆபாசமான சொல் எது என்று சாட்சிகளால் காட்ட முடியாமல் வழக்கு நிற்கவில்லை.

கல்யாணத்தைப் பற்றியும் ஒரு கல்வெட்டு சொல்கிறேன், மலர்க் குழு கேட்டதும் அதுதானே. வந்தவாசி வட்டத்தில் வேடல் என்று ஒரு சிற்றூர். அங்கே ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டியது. கனகவீரக் குரத்தியார் என்ற சமணப் பெண் துறவியும் அவருடைய ஐந்நூறு மாணவியரும் அதில் வருகிறார்கள். நானூறு ஆரியாங்கனைகளோடு ஏதோ தகராறு வந்திருக்கிறது. ஊரார் இவர்களைக் காப்பாற்றி உணவளிக்க ஏற்றுக்கொள்கிறார்கள். கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் குரத்தியர் பெயர்கள் வரிசையாக உண்டு. இவர்கள் யாரையும் விரும்பினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. விருப்பத்தையே துறந்தவர்கள் அவர்கள். இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்று சொல்லாமல் ஒரு பெண்ணின் பெயரை நம் ஊரில் கல்லில் வெட்டினார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன். அந்த ஊரிலிருந்து நாலு மைல் நடந்தால் வரும் ஊரில் பிறந்த நான், கல்யாணத்தை விட்டால் பெண்ணுக்கு வேறு வழியே இல்லை என்று அண்ணனிடம் பேசினேன்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1860-இல் வெள்ளைக்காரன் செய்த தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு, வாசகத்தைப் பார்த்தால் பெண்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 1921-இல் இங்கிலாந்தில் பெண்களையும் குற்றவாளியாக்க மசோதா வந்தபோது பிரபுக்கள் சபை நிராகரித்தது. சட்டம் போட்டால் இப்படி ஒன்று இருப்பதே நல்ல பெண்களுக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தார்கள்! நம் நாட்டில் பெண்களுக்கு எதிரான ஆயுதம் பெரும்பாலும் பிறந்த வீடுதான். மகளைக் காணோம், கடத்திவிட்டார்கள் என்று போலீசில் ஒரு மனு. பிறகு அவசரக் கல்யாணம். 1987 இறுதியில் மத்தியப் பிரதேச ஆயுதப் படையில் இருந்த இரண்டு பெண் காவலர்கள் மாலை மாற்றிக்கொண்டார்கள்; வேலை போயிற்று. இங்கே குஜராத்தில் அந்தக் காலத்தில் மைத்ரி கரார் என்று ஒரு ஏற்பாடு இருந்தது. கல்யாணமான ஆண்கள் இன்னொரு பெண்ணோடு ஸ்டாம்பு பேப்பரில் எழுதிக்கொண்ட நட்பு ஒப்பந்தம் அது. அதையே சில பெண்கள் தமக்குள் எழுதிக்கொண்டதும் பதிவாகியிருக்கிறது. ஸ்டாம்பு பேப்பரின் மதிப்பு வியாபாரிக்குத் தெரியும். வேறு எந்தச் சாட்சியும் கிடைக்காதவர்கள்தான் அதை நம்புவார்கள்.

1998 டிசம்பரில் 'ஃபயர்' படம் ஓடிய தியேட்டர்களை மும்பையிலும் தில்லியிலும் தாக்கினார்கள். அப்போது தில்லி ரீகல் தியேட்டர் முன்னால் கூடிய கூட்டத்தில், தாங்கள் இந்தியரும்தான் லெஸ்பியனும்தான் என்று அட்டை பிடித்துப் பெண்கள் நின்றார்கள். 2018 ஜூனில் நம் சபர்மதி ஆற்றங்கரையில் இரண்டு பெண்கள், இந்த உலகம் எங்களைச் சேர்ந்து வாழ விடாது என்று எழுதி வைத்துவிட்டு உயிரை விட்டார்கள். கையில் ஒரு குழந்தை. மறுநாள் குஜராத்திப் பேப்பரைக் கடையில் விரித்தவன், பக்கத்தைப் புரட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். மூன்று மாதம் கழித்து, செப்டம்பர் 6-ஆம் தேதி, உச்ச நீதிமன்றம் 377-ஐ வயது வந்தோரின் சம்மத உறவுக்குப் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மதுரையிலிருந்து ஓடி வந்த இரண்டு பெண்களின் வழக்கு வந்தது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இதில் தனக்கே தெளிவு இல்லை என்று சொல்லி, ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு பிறகு தீர்ப்பெழுதினார். இப்படிப்பட்டவர்களை வைத்தியம் செய்து 'மாற்றும்' முயற்சிகளையும் தடுத்தார். தெரியாது என்று நாற்காலியில் இருந்துகொண்டு சொல்வது லேசான காரியமல்ல. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் திருமண உரிமை தர மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்றது. வீட்டார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த வழக்கு அது.

சென்ற தை மாதம் இந்தக் கட்டுரையின் கையெழுத்துப் படியை எடுத்துக்கொண்டு வடோதரா போனேன். அவள் படித்துச் சரி என்று சொல்லாமல் அச்சுக்குக் கொடுப்பதில்லை என்று வைத்திருந்தேன். பெயரும் ஊரும் வேறு அடையாளமும் அவள் சொன்ன அளவுக்கே இருக்கின்றன. அவளோடு இருக்கும் பெண் சிவப்புப் பொட்டும் கை நிறைய வளையலும் பருத்திப் புடவையுமாக வந்து கதவைத் திறந்தாள். தெருவில் யாரும் அவளை ஒன்றும் கேட்பதில்லையாம். "பொட்டும் வளையலும் இருக்கறதால அவளைப் பாத்தா யாருக்கும் சந்தேகமே வராது சித்தப்பா. என்னைத்தான் தலையைப் பாத்துட்டுக் கேப்பாங்க" என்று சிரித்தாள் என் அண்ணன் மகள்.

படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் பேனா கேட்டாள். தொடக்கத்தில், ஆண்பிள்ளை போல உடுத்துவாள் என்று எழுதியிருந்தேன். அதை அடித்தாள். "நான் ஆம்பள மாதிரி போட்டுக்கல. எனக்குப் பிடிச்ச மாதிரி போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்." உடம்பு ஒன்று, ஆசை ஒன்று என்று இரண்டு கணக்கை வைத்துக்கொண்டு நான் எழுதியிருந்தேன். உடை மூன்றாவது கணக்கு, அதை இரண்டிலும் சேர்க்கக் கூடாது என்று எனக்கு அங்கேதான் விளங்கியது. நேமிசந்திரரும் பவணந்தியும் இதைச் சொல்லித் தரவில்லை.

கோம்மடசாரப் பகுதிக்கு வந்தபோது இரண்டு தரம் படித்தாள். "ஆயிரம் வருஷமா தெரிஞ்சிருக்கு இல்ல?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்பா வந்து கேட்டப்ப நீங்க இதையெல்லாம் படிச்சிருக்கலையா சித்தப்பா?"

படிக்கவில்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாய் திறந்தேன். ஜைனியின் நூலை நான் படித்தது பிறகுதான், அது உண்மை. ஆனால் மூன்று வேதமும், உடம்பும் உணர்வும் சில இடத்தில் மாறுபடும் என்பதும் எனக்கு அப்போதே தெரியும். அண்ணன் என் வீட்டுக்கு வந்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தின ஞாயிறு வகுப்பில் நான் நடத்திய பாடமே அதுதான். தேதி போட்ட நோட்டு இன்னும் என் மேஜையில் இருக்கிறது. அதைச் சொன்னேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி என் கையில் கொடுத்துவிட்டு, பால் பொங்குகிறதா என்று பார்க்க உள்ளே போனாள்.